நான்காம் வளைவு

புலவாயோ நகருக்குக் கார்ப் பந்தயப் பைத்தியம் பிடித்து, மூன்று இடங்களைத் தின்று தீர்த்தது. முதலில் குமாலோ விமான ஓடுதளம். பிறகு அணைக்கரையைச் சுற்றிப் பத்து வளைவுகளோடு ஒரு பாதை. அதுவும் சலித்துப்போய் ஊருக்கு வெளியே மூன்றாவது. முதலும் கடைசியும் எக்கேடு கெட்டால் எனக்கென்ன? அணைக்கரைப் பாதையில்தான் என் அண்ணன் மெஹ்லுலி செத்தான்.

ஓடுபாதையில் எண்ணெய் சிந்தினால் சிமெண்ட் தூளைக் கொட்டிப் பெருக்குவது அவன் வேலை. கொடி பிடிக்க வெள்ளைக்காரர்கள், துடைப்பம் பிடிக்க நாங்கள். பெருக்கிக்கொண்டிருந்தவனை ஒரு கார் அடித்துத் தூக்கியது. மறுநாள் பேப்பரில், 'நான்காம் வளைவில் வேலையாள் பலி' என்று ஒரே வரி. பெயர்கூடப் போடவில்லை. நான் அப்போது ஜொகன்னஸ்பர்க் சுரங்கத்தில் இருந்தேன். அந்த ஒரு வரியைத்தான் நம்பினேன்.

எங்கள் வழக்கப்படி, செத்த இடத்துக்கே போய் உம்பாஃபா மரக்கிளையால் மண்ணைத் தொட்டு ஆவியை வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். லீவு கிடைக்கவே இரண்டு வருடமாயிற்று. '4' என்ற பலகைக்கு அடியில் கிளையை வைத்து, "வாண்ணே, வீட்டுக்குப் போலாம்" என்றேன். பஸ்ஸில் அவனுக்கும் ஒரு டிக்கெட் எடுத்தேன். கண்டக்டர் சிரிக்கவில்லை. அவனும் எங்கள் ஆள்.

பத்தொன்பது ஆண்டுகள் கழித்தும் அண்ணி சிபோனிலே அதே பல்லவியைத்தான் பாடினாள்.

"உங்க அண்ணன் இன்னும் வீடு வந்து சேரல, தம்பி. கனவுல தண்ணிப் பக்கமா நின்னு பெருக்கிட்டே இருக்காரு."

"டிக்கெட் எடுத்துல்ல கூட்டிட்டு வந்தேன்! நடுவுல இறங்கிட்டாரா?"

"கிண்டல் பண்ணாதீங்க. மனை போடறதுக்கு அங்க தோண்டுறாங்களாம். அதுக்குள்ள இன்னொரு தடவை போய்ப் பார்த்துட்டு வரலாம்."

கிளையோடு போனோம். பழைய டயர் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு கிழவர் எங்களைப் பார்த்துவிட்டார். மாஃபு. அண்ணனோடு துடைப்பம் பிடித்தவர்.

"கிளையத் தூக்கிக்கிட்டு எங்கப்பா?"

"நாலாவது வளைவுக்கு, பெரியவரே. அண்ணனைக் கூப்பிட."

"மெஹ்லுலியவா? அப்போ இந்தப் பக்கம் ஏன் வர்றே? அவன் செத்தது தண்ணியோரத்துல. அடுத்த வருஷமே கார் ஓடுற திசையத் திருப்பிட்டாங்க. நம்பரெல்லாம் தலைகீழாப் போச்சு. அன்னைக்கு நாலு, அப்புறம் ஏழு. உனக்கு யாரும் சொல்லலையா?"

ஏழாவது வளைவுக்கு ஓடினோம். அங்கே வளைவே இல்லை. இரண்டு ஆள் ஆழத்துக்குப் பள்ளம். மண்ணையெல்லாம் லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போய் ஊரில் உள்ள தெருக்குழிகளில் கொட்டிவிட்டார்களாம்.

"எந்தத் தெருவுல?" என்று லாரி டிரைவரைக் கேட்டேன்.

"எந்தத் தெருன்னு சொல்றது? எல்லாத் தெருவுலயும்தான்."

பாவி நான். அன்றைக்கே ஒரு ஆளிடம் விசாரித்திருந்தால் போதும். தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அண்ணி அழவில்லை. கிளையை இறுகப் பிடித்தபடி பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கனவு அப்படி வந்தாலும், நீங்க கூட்டிட்டு வந்தவரு வீட்லதான் இருப்பாருன்னு தினமும் சாயங்காலம் அவருக்கு ஒரு தட்டுல சோளக்களி எடுத்து வச்சிட்டு, அன்னைக்கு நடந்ததையெல்லாம் ஒண்ணு விடாம சொல்லுவேன், தம்பி," என்றாள். "இத்தனை வருஷமா நான் யாருகிட்ட பேசிட்டு இருந்தேன்?"