சமையலறை வேறு இடம்

வீட்டிலும் வெளியிலும் அவனுக்கு நாடகக்காரன் என்றே பெயர். இந்தத் தடவை அவன் நாடகத்தின் பழைய இலக்கணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்: ஒரே இடம், ஒரே நாள், ஒரே செயல். இடம், படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவின் அறை. நாள், அவர் கண்மூடிய நாள். செயல், அப்பாவும் மகனும் ராசியாவது.

அப்பாவை மூன்று வருஷம் பார்த்துக்கொண்டவள் அக்கா. அவளை மேடையேற்றினால் கதை கிளை பிரிந்துவிடும் என்று சமையலறைக்கு அனுப்பிவிட்டான். சமையலறை வேறு இடமாயிற்றே! உள்ளேயிருந்து "இதோ வர்றேன்" என்று ஒரு குரல், மொத்தம் இரண்டே தடவை. முதுகுப் புண் உரசாமல் அப்பாவைப் புரட்டும் விதத்தை அவளிடமே போனில் கேட்டு, மேடையில் மகன் கையில் கொடுத்தான். உண்மையில் மகனான அவன் வந்து சேர்ந்தது அந்தக் கடைசி நாள் மட்டும்தான், அதுவும் மத்தியானத்துக்கு மேல். முழுப் பூசணிக்காயை மறைக்க இலக்கணமே அவனுக்குச் சோறு போட்டது.

முதல் காட்சிக்கு அக்காவை அவன் கூப்பிடவில்லை. அவளே டிக்கெட் வாங்கி வந்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேடையோரமாக நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது "இதோ வர்றேன்" கேட்டதும் அவள் ஆவலாக மேடைக் கதவைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. கைப்பையை மடியில் சரிசெய்துகொண்டாள். வெட்கத்தில் அவனுக்குக் காது சுட்டது.

காட்சி முடிந்து, பார்வையாளர்களின் கேள்வி நேரம். ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் எழுந்தார்.

"அந்தப் புரட்டுற விதம் இருக்கே, அது செஞ்ச கைக்குத்தான் தெரியும். எத்தனை வருஷம் பாத்துக்கிட்டீங்க?"

அவன் மைக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டான். அரங்கமே காத்திருந்தது. நாலு பேர் முன்னால் தம்பி திணறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் அக்கா எழுந்தாள்.

"மூணு வருஷங்க. தம்பிதான் பாத்துக்கிட்டான். நான் கூடமாட ஒத்தாசை, அவ்வளவுதான்."

கைதட்டல் கிளம்பியது. அவள் கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். 'இல்லைங்க, எல்லாமே அக்காதான்' என்று சொல்லிவிட வேண்டும். சொல்லிவிடுவது என்றே தீர்மானித்தான். சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்தான். அடங்கியது.

"அடுத்த கேள்வி?" என்றான்.