ஏன் என்று கேட்காதவரைப் பற்றி ஒரு பக்கம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இது கதையாகப் பிறந்ததல்ல. வீடு மாற்றித் தருவது எங்கள் குடும்பத் தொழில். கம்பெனி வாசலில் தாத்தாவின் பெரிய படம் இருக்கிறது. அதற்குக் கீழே கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்ட அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி அத்தை கேட்டாள். தாத்தாவுக்குப் பிறகு கம்பெனியை நடத்துகிறவள் அவள்தான். ஒரு பக்கம்தானே, ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று நானும் தலையாட்டிவிட்டேன். ஏழு வாரம் ஆகிறது.

எழுதி அடித்த தொடக்கங்கள்:

"கடின உழைப்பின் மறுபெயர்தான் எங்கள் தாத்தா." (சுவரொட்டி வாசகம். தாத்தா படித்தால் யாரைப் பற்றி என்று கேட்பார்.)

"நாற்பத்தாறு வருடங்களில் நாலாயிரத்துச் சொச்சம் குடும்பங்களின் சாமான்களைச் சுமந்த அந்த மனிதர்—" (அந்த மனிதர் என்ன செய்தார்? வாக்கியம் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. நாலாயிரம் வீடு என்று எழுதிவிட்டு நானும் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.)

2

சரி, தொழிலிலிருந்தே தொடங்குகிறேன்.

தாத்தாவிடம் அளவுநாடா கிடையாது. வாசலை ஒரு பார்வை, சோபாவை ஒரு பார்வை பார்ப்பார். போகும் என்றால் போகும். காலைக் கழற்று என்றால், காலைக் கழற்றாமல் எந்தக் கொம்பனாலும் அதை உள்ளே கொண்டுபோக முடியாது. பீங்கான் தட்டுகளைப் படுக்க வைக்க விடமாட்டார், நிற்க வைத்துத்தான் கட்ட வேண்டும். சமையலறைச் சாமான் கடைசியில் ஏறி முதலில் இறங்கும். புது வீட்டுக்குள் நுழைந்த அரை மணி நேரத்தில் அந்தக் குடும்பம் டீ போட்டுக் குடித்திருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஃப்ரிட்ஜை மட்டும் உடனே போட விடமாட்டார். அதற்கும் மூச்சு வாங்கும் என்பார்.

இதெல்லாம் யாரும் பழகிக்கொள்ளக் கூடியதுதான். என்னை வாய் பிளக்க வைப்பது வேறு. பழைய வீட்டின் ஒவ்வொரு அறையையும் ஒரு முறை சுற்றி வருவார். கையில் காகிதம் இருக்காது. புது வீட்டில் மாத்திரை டப்பா கட்டிலிலிருந்து கை எட்டும் தூரத்தில் இருக்கும், குழந்தையின் பொம்மைகள் பழைய வரிசையிலேயே உட்கார்ந்திருக்கும். அலமாரியைத் திறந்துவிட்டு அழுத பெண்களை நானே பார்த்திருக்கிறேன். எழுபது வயதிலும் வாஷிங் மெஷினை வார் போட்டு முதுகில் ஏற்றிக்கொள்வார். பின்னால் போகிற எனக்குத்தான் மூச்சு வாங்கும்.

(அத்தையின் குறிப்பு, பென்சிலில்: "எழுபத்தி மூணு.")

3

வேலைக்குச் சேர்கிறவர்களிடம் அவர் சொல்லும் விதி ஒன்றுதான்.

"எங்க வைக்கணும்னு கேளு. ஏன் போறீங்கன்னு மட்டும் கேக்காத."

காரணம் எளிது. பதவி உயர்வில் வீடு மாறுகிறவர்கள் கேட்காமலே சொல்லிவிடுவார்கள். மற்றவர்கள் இரட்டைக் கட்டிலுக்கு ஒற்றைத் தலையணையோடு வருவார்கள். அவர்களைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? இந்த ஒரு விதிக்காகவே எங்களைத் தேடி வந்தவர்கள் உண்டு.

சிக்கல் என்னவென்றால், விதி லாரியிலிருந்து இறங்கி எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் யாரும் யாரையும் ஏன் என்று கேட்பதில்லை. நான் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பெட்டியோடு வந்து நின்றபோது, அதை எந்த அறையில் வைப்பது என்றுதான் கேட்டார்கள்.*

* அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேனா, கோபமாக இருக்கிறேனா என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. இரண்டும்தான்.

4

முதல் வரைவைப் படித்த அத்தை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். தான் வீட்டை விட்டுப் போனது இதில் இல்லையே என்றாள். வாசலில் மாட்டுகிற பக்கத்தில் அது எதற்கு என்று இழுத்தேன். பிறகு அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"நீதான் எழுதுறவ. மனசுக்குள்ள என்ன இருக்குன்னு எழுதத் தெரிஞ்சவ. அவர் ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கலைன்னு எழுது. அது எனக்குத் தெரிஞ்சா போதும்."

முப்பத்து நான்கு வருடத்துக்கு முன்பு, இருபத்து நான்கு வயதில், அத்தை தனியாகப் போய் ஓர் அறை எடுத்தாள். காலைச் சாப்பாட்டின்போது சொன்னாளாம், நாளைக்குப் போகிறேன் என்று. தாத்தா கை கழுவிவிட்டு எத்தனை மணிக்கு வண்டி வேண்டும் என்றார். ஒன்பது வருடம் கழித்து அவள் திரும்பி வந்தபோதும் கேட்கவில்லை, கம்பெனிச் சாவியைக் கொடுத்தார். போன வருடம் கேட்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆக, என் முன்னால் இருப்பது ஒரு பக்கம் இல்லை. ஐம்பத்தெட்டு வயதில் ஒருத்தி தன் அப்பாவுக்குத் தான் ஒரு பொருட்டா இல்லையா என்று என்னிடம் கேட்கிறாள்.

5

அன்று வண்டி ஓட்டியவரை எல்லோரும் ராக்கெட் என்போம். மாட்டுவண்டி கூட அவரை முந்திவிடும், அதனால் அந்தப் பெயர். இப்போது ஓய்வில் இருக்கிறார். போய்க் கேட்டேன். நான் கேள்விப்படாத ஒன்றைச் சொன்னார்.

அன்றைக்குத் தாத்தா, லாரி பழுது என்று பொய் சொல்லி ஆட்கள் அத்தனை பேருக்கும் லீவு கொடுத்துவிட்டாராம். மகள் வீட்டை விட்டுப் போவதை வேலைக்காரர்கள் பார்க்கக் கூடாது. ராக்கெட்டுக்கு இடுப்பில் பெல்ட், பாரம் தூக்கக் கூடாது. அத்தை எடுத்த அறையோ நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. எழுபத்திரண்டு படி.

"ஒத்த ஆளும்மா. இருபத்தி மூணு தடவை ஏறி இறங்கினாரு. இரும்பு பீரோவும் அவரேதான். நான் கீழ நின்னு எண்ணிக்கிட்டே இருந்தேன், வேற என்ன செய்ய."

நான் வீட்டுக்கு வந்து பெருக்கிப் பார்த்தேன். ஏறியது மட்டும் ஆயிரத்து அறுநூற்று ஐம்பத்தாறு படி. ஐம்பத்து நாலு வயது மனிதர். அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் கண் கலங்கியது, மறைப்பானேன்.

மேலே என்ன நடந்தது என்பதை அத்தை சொன்னாள். கட்டிலைப் பூட்டினார், போர்வை விரித்தார், புத்தகங்களைப் பழைய வரிசையிலேயே அடுக்கினார். அவளுக்கு இடக்கை பழக்கம், அதனால் விளக்கு இடப்பக்கம். இன்னும் ஏதாவது எங்கேயாவது வைக்க வேண்டுமா என்று கேட்டார். எல்லாம் சரியா இருக்குப்பா என்றாள். இறங்கிவிட்டார்.

கீழே வண்டியில் ஏறி உட்கார்ந்தார், ஆனால் கதவைச் சாத்தவில்லை. ராக்கெட் இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தார். கால் மணி நேரம் போனது. அந்த ஜன்னல் கொக்கி சரியில்லை என்று சொல்லி, ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு தாத்தா மறுபடியும் மேலே போனார்.

6

இனி நான் எழுத வேண்டியது அவர் மனசுக்குள் இருந்ததை. முயன்றேன்.

(அ) கொக்கியை முடுக்கியபடி அவர் நினைத்துக்கொண்டார்: கேட்டால் என் குரல் உடைந்துவிடும்— (தாத்தாவின் குரல் உடைந்து நான் கேட்டதே இல்லை. பொய்.)

(ஆ) அவர் கேட்டார். அவள் சொன்னாள். இருவரும்— (அத்தை இதைப் படித்துவிட்டு, "நல்லா இருக்கு, ஆனா நடக்கல" என்றாள்.)

(இ) அவருக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. பழக்கதோஷம். (இதை அவளிடம் காட்டவில்லை.)

நாலாயிரம் வீடுகளின் உள்ளறைகளை மனப்பாடமாக வைத்திருந்த ஒருவரின் உள்ளே எனக்கு ஓர் அறை கூடத் தெரியவில்லை. அவரைப் பார்த்து இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது. வியப்பை வைத்துக்கொண்டு அத்தைக்கு என்ன பதில் சொல்வது?

7

போன வாரம் ஒரு மத்தியானம் வெறுங்கையோடு கம்பெனிக்குப் போனேன். எழுத வரவில்லை என்று சொல்லத்தான் போனேன். அத்தை ஒரு வாடிக்கையாளரிடம் பேசி முடித்துவிட்டுப் போனை வைத்தாள். நான் உட்கார்ந்தேன். வாயில் வந்தது வேறு.

"அத்தை, ஏன் போனீங்க?"

முப்பத்து நான்கு வருடத்தில் எங்கள் குடும்பத்தில் இதைக் கேட்டவள் நான் ஒருத்திதான். அத்தை எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னாள். மாலை வரை சொன்னாள். அதை எழுதப் போவதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். அது அவளுடையது. எழுதக்கூடியது கடைசியில் அவள் சொன்னது மட்டும்.

"கொக்கி மாட்ட வந்தாரே, அப்ப கேப்பாருன்னு நினைச்சேன். மூணு தடவை ஜன்னலைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார். நான் பக்கத்துலயே நின்னேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தார்னா, அழுதுகிட்டே அவரோடயே கீழ இறங்கி வந்திருப்பேன். போயிருக்கவே மாட்டேன்."

தான் சொன்னதைத் தானே அப்போதுதான் கேட்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. அந்த அறையில் அவள் இருந்த ஒன்பது வருடங்களை, தன் வாழ்க்கையிலேயே நல்ல வருடங்கள் என்று அன்று மாலைதான் என்னிடம் சொல்லியிருந்தாள்.

"கேட்டா நான் இறங்கி வந்துடுவேன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்றாள்.

ராக்கெட்டுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. கண்ணாடிச் சட்டத்துக்குப் போகும் பக்கத்தில் இந்தக் கேள்விக்குக் கீழே நாலு வரி இடம் விட்டிருக்கிறேன். அத்தை இதுவரை எதுவும் எழுதவில்லை, இடத்தை எடுக்கவும் விடவில்லை. நீங்கள் அவர் கூடவே இருபத்து நான்காவது முறை ஏறி வந்திருக்கிறீர்கள். ஜன்னல் பக்கம் இருவரும் நிற்கிறார்கள். சொல்லுங்கள், அவருக்குத் தெரியுமா?