நோய் தீர்ந்த நாற்பது மரங்கள்

ஆரஞ்சு மரங்களின் பச்சைக்காய் நோய்க்கு எங்கள் ஆய்வுக்கூடம் மருந்து கண்டுபிடித்துவிட்டது. காய் பழுக்காமலே கசந்து உதிரும். பிறகு மரமும் சாகும். உலகமே கைவிட்ட நோயை ஐந்தே மாதத்தில் டாக்டர் தீர்த்துவிட்டார். டாக்டர் என்றால் எங்கள் தலைமை விஞ்ஞானி. செருப்பில் மண் ஒட்டும் என்பதால் அறையிலிருந்தே மரங்களைக் குணப்படுத்துவார்.

சோதனைக்கு மரம் கொடுத்தவர் என் சித்தப்பா. வெட்டி எறிய வேண்டிய நாற்பது மரங்கள். நோயைச் சுமக்கும் பூச்சி வெளியே போய்விடாதபடி அவற்றைச் சுற்றி வலை கட்டினோம். வெளியே நோய் தொடாத முந்நூறு மரங்கள் நின்றன.

மாதம் ஒருமுறை இலை பறித்து வந்து கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. முதல் மாதம் மஞ்சள் திட்டு விழுந்த இலைகளைக் கொண்டுபோனேன்.

"என்ன இது, குப்பையக் கூட்டி அள்ளிட்டு வந்திருக்கே? அறிக்கைல போட்டோ போடணும். நல்ல இலையாப் பாத்துப் பறிக்கத் தெரியாதா?" என்றார் டாக்டர்.

சொன்னதைச் செய்கிற பிள்ளை நான். அதன்பின் பளபளக்கும் தளிர்களாகத் தேடிப் பறித்து, துடைத்து, எண் எழுதிய உறைகளில் போட்டேன். நாற்பதுக்கு நாற்பதும் குணம். வெள்ளிக்கிழமை விருந்தினர் முன்னிலையில் வலையை அவிழ்ப்பதாக ஏற்பாடு.

செவ்வாய்க்கிழமை, நான் படிக்கப் போகும் மாலை வகுப்பில் புள்ளியியல். பிடித்ததை மட்டும் பொறுக்கி எடுத்தால் கணக்கும் பிடித்ததையே சொல்லும் என்றார்கள். இந்தக் கிருமி ஒரு கிளையில் குவிந்திருக்கும், பக்கத்துக் கிளையில் இருக்காது. நான் குணப்படுத்தியது உறைகளைத்தான்.

மறுநாள் திட்டு விழுந்த இலைகளைப் பறித்துப் பார்த்தேன். என் கைமேல் எனக்கே நம்பிக்கையில்லாததால் மூன்று முறை பார்த்தேன். வியாழக்கிழமை மாலை டாக்டரிடம் போனேன்.

"முப்பத்தொரு மரத்துல கிருமி இருக்கு சார்."

"மறுபடி கண்ட இலையப் பறிச்சியா?"

"ஆமா சார்."

"வெள்ளிக்கிழமை முடியட்டும். சனிக்கிழமை கண்டுபிடிச்சதா இருக்கட்டும்."

நல்ல யோசனைதான். அதுவரை பொறுத்திருக்கச் சொல்லிப் பூச்சிகளுக்கு யார் கடிதம் எழுதுவது? சித்தப்பாவுக்குப் போன் செய்தேன்.

"வலைய அவுக்காதீங்க சித்தப்பா."

"நாளைக்கு அவுக்க லேசா இருக்கட்டும்னு முடிச்சத் தளத்த இப்பதாம்மா ஏணில ஏறினேன். ஏன்?"

"முப்பத்தொரு மரம் குணமாகல. மத்த ஒம்பதையும் நம்ப முடியாது. நான் நல்ல இலையாப் பறிச்சுட்டேன்."

அவர் ஏணியிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டது.

"படிச்ச புள்ள! மாட்டுக்குக் காய்ச்சல்னா கொம்பத் தொட்டாப் பாப்ப?"

விருந்தினர் வந்தபோது சித்தப்பா வலைக்குள் பதினேழாவது மரத்தை அறுத்துக்கொண்டிருந்தார். இதுவும் ஆய்வின் ஒரு கட்டம்தான் என்று டாக்டர் ரம்பச் சத்தத்துக்கு மேல் கத்தி விளக்கினார். கைதட்டினார்கள்.

பூச்சி ஏதும் முன்பே தப்பியிருக்குமோ என்று நான் வெளியே முந்நூறு மரங்களிலும் திட்டு தேடிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வரிசை முடிந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. அதைச் சொன்னதும் சித்தப்பா நம்பிவிட்டார். நான் முதல் வரிசையிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.