சாட்சியின் முழுப்பெயர்

"யூலெய்திஸ் புள்ளைக்கு இன்னிக்குத்தான் பேர் பதியப் போறாங்களாமே, தோன்யா. யெய்சன் காலையிலேயே சட்டைய இஸ்திரி போட்டுட்டு கெளம்பிட்டான்" என்றான் மீன் விற்கிற நிக்கனோர். "ஊருக்கு ஒரு எர்மெனெஹில்தா போதாதா? அந்தப் பேரச் சொல்லிக் கூப்புட்டு முடிக்கறதுக்குள்ள புள்ள வயசுக்கு வந்துடும்!"

படித்துறையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஊரே மரியாதையாக 'தோன்யா' என்று கூப்பிடும் எர்மெனெஹில்தாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கையிலிருந்த மீனை அவன் கூடையிலேயே போட்டுவிட்டு மேட்டில் ஏறினாள். மோட்டார்சைக்கிள் ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி, பதிவு அலுவலகத்துக்கு விடச் சொன்னாள்.

மூன்று வாரமாக அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மக்தலேனா ஆற்றில் இருபத்தாறு வருஷமாகப் பயணிகள் படகு ஓட்டுகிறவள் அவள். வெள்ளம் வந்து சாலை முழுகிக் கிடந்த அன்று, விடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கையில், பக்கத்து வீட்டு யூலெய்திஸை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவளுடைய படகைத் தவிர வேறு வழியில்லை. புருஷன் யெய்சன் வாழைத் தோட்டத்து வேலையில் வெளியூரில் மாட்டிக்கொண்டிருந்தான். பாதி ஆற்றில் குழந்தை வந்துவிட்டது. மோட்டாரை நிறுத்தினாள். படகு தன்போக்கில் சுழல, கத்தியைத் தீயில் வாட்டித் தொப்புள்கொடியை அறுத்தாள். யூலெய்திஸ் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "உங்க பேரத்தான் வைப்பேன் தோன்யா, சத்தியமா உங்க பேரத்தான் வைப்பேன்" என்று அழுதாள். தாயும் பிள்ளையும் நன்றாக இருந்ததால் நீரோட்டத்தோடு வீட்டுக்கே திரும்பிவிட்டார்கள்.

அந்தச் சத்தியம்தான் அவளைப் பிடித்து ஆட்டியது. அவள் பிறந்தபோது அப்பா காலண்டரைப் பார்த்தார், அன்றைய தேதியில் எந்தப் புனிதர் இருந்தாரோ அவர் பெயர்தான். அந்தக் காலத்தில் அதற்கு மேல் யாரும் யோசித்ததில்லை. இப்போது பிறக்கிறதுகள் எல்லாம் டிலன், ஷெர்லி. காலண்டர் புனிதர்களுக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் பையன்கள் அவள் பெயரைத் துண்டுதுண்டாக வெட்டி, அணிவகுப்புக்குக் கொட்டு அடிப்பதுபோலக் கத்துவார்கள். மூன்றாம் வகுப்போடு வயிற்றுவலி என்று நின்றுகொண்டாள். பத்தொன்பது வயதில், திருவிழாவில் ஒருவன் சாயங்காலம் முழுக்க அவளோடு ஆடிவிட்டுப் பெயர் கேட்டான். கேட்டதும் சிரித்துவிட்டான். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. அதனால்தான் இன்னும் வலித்தது.

ஒரு பாவமும் அறியாத சிசு இதைச் சுமக்க வேண்டுமா? எத்தனையோ தடவை அவர்கள் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பியிருந்தாள். ஆனாலும் நேற்று படகைக் கழுவும்போது, "மெனெ, என் குட்டி மெனெ" என்று அந்தப் பெயரையே சுருக்கி யாரையோ கொஞ்சுவதுபோலத் தன் வாய் தானாகச் சொன்னதை அவளே கேட்டாள். சட்டென்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டாள்.

அலுவலக வரிசையில் யெய்சன் இரண்டு கூட்டாளிகளோடு நின்றிருந்தான். அவளைக் கண்டதும் கையிலிருந்த காகிதத்தை மடித்தான்.

"யெய்சன், என் பேரு வேண்டாம்பா. வேற நல்ல பேரா வையுங்க. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

அவன் முகம் தெளிந்தது. வேண்டியதைவிடக் கொஞ்சம் சீக்கிரமாகத் தெளிந்தது.

"அப்பாடா! எப்படிச் சொல்றதுன்னு தவிச்சிட்டிருந்தோம், தோன்யா. உங்க கண்ணுல பட பயந்துகிட்டு அவ ஒரு வாரமா பின்வாசல் வழியாத்தான் போறா, வரா."

காகிதத்தைப் பிரித்துக் காட்டினான். யூலெய்திஸின் உருண்டைக் கையெழுத்தில் 'எமிலி'. 'ஐ' எழுத்தின் மேல் புள்ளிக்குப் பதிலாகச் சின்ன இதயம் ஒன்று வரைந்திருந்தாள். அவசரத்தில் எழுதியது இல்லை அது.

"நல்ல பேரு" என்றாள் எர்மெனெஹில்தா. கேட்க வந்தது கிடைத்துவிட்டது. ஆனால் நெஞ்சில் யாரோ முழங்கையால் இடித்ததுபோல இருந்தது. வாசலை நோக்கி நடந்தாள்.

பின்னால் எழுத்தர் அம்மாளின் குரல் கேட்டது. "ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லையா? அப்ப சாட்சி?"

கூட்டாளிகள் முன்னே வந்தார்கள்.

"கொழந்த பொறந்தத கண்ணால பாத்தீங்களா?"

"கேள்விப்பட்டோம், மேடம்."

வரிசை கொல்லென்று சிரித்தது. "கேள்விப்பட்டவங்க ஊர் முழுக்க இருப்பாங்க. பாத்தவங்க யாரு?"

யெய்சன் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்க அவனுக்கு முகம் இல்லை. கதவுக்கு வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. படகில் ஏற ஆட்கள் வந்து காத்திருப்பார்கள். போவதற்கு நல்ல சாக்குதான். அவள் இரண்டு எட்டு வைத்தாள். நின்றாள். திரும்பி வந்தாள்.

"நான் பாத்தேன்."

"முழுப்பேரு?"

சொன்னாள். வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

"எழுத்தெழுத்தாச் சொல்லுங்கம்மா. முன்னாடி ஹெச் உண்டா?"

"உண்டு. சத்தம் வராது, ஆனா உண்டு."

குரலைத் தாழ்த்தாமல் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். எழுத்தர் இரண்டு விரலால் தட்டினாள், தப்பாக அடித்து அழித்தாள், மறுபடி கேட்டாள். இவளும் மறுபடி சொன்னாள்.

"பொறந்த ஒடனே அழுதுச்சா?"

"இல்ல. நீலம் பாஞ்சி கெடந்துச்சு. கால புடிச்சித் தலைகீழாத் தூக்கி முதுகுல தட்டுனேன். ரொம்ப நேரம் தட்டுனேன். அப்பறம்தான் அழுதுச்சு."

தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. யெய்சன் இப்போது திரும்பி அவளைப் பார்த்தான். இது அவனுக்குத் தெரியாது. அந்த இருட்டில் அரை மயக்கமாகக் கிடந்த யூலெய்திஸுக்கும் தெரியாது.

"மேடம்," என்றான் எழுத்தர் பக்கம் திரும்பி, "ரெண்டாவது பேரா இவங்க பேர..."

"வேண்டாம்டா. எழுதறவங்களுக்குக் கை வலிக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு, கட்டைவிரல் ரேகையும் வைத்துவிட்டு அவள் வெளியே வந்தாள்.

படித்துறையில் வாழைக்குலைகளோடு பயணிகள் அவளுக்கு முன்னாலேயே படகில் ஏறியிருந்தார்கள். மடியில் கோழியை வைத்திருந்த ஒரு பெண், "என்ன பேரு வச்சாங்க, தோன்யா?" என்று கேட்டாள். எர்மெனெஹில்தா மோட்டார்க் கயிற்றைச் சுண்டி இழுத்தாள். பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தாள். உறுமிக்கொண்டு பிடித்தது. முழு வேகத்துக்கு முறுக்கினாள். தண்ணீர் கலங்கிச் சேற்றோடு கொந்தளித்தது. படகு நடுங்கியது, முன்னால் நகரவில்லை. "தோன்யா, கட்டு! கட்ட அவுக்கல!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். முளையில் கட்டியிருந்த கயிறு விறைத்து, நீர் சொட்டிக்கொண்டு நின்றது. அவள் எதிர்க்கரையைப் பார்த்தபடி இன்னும் முறுக்கிக்கொண்டிருந்தாள்.