மீதிப் பாரம்

படார் என்ற சத்தத்தோடு பேராசிரியரின் மரநாற்காலி, பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே நான்கு காலும் விரிந்து உடைந்தது. ஓடிப்போய்க் கொண்டுவந்த இரும்பு நாற்காலியும் வளைந்தது. எடை பார்க்கும் மெஷினில் ஏற்றினார்கள். முள் ஒரு முழுச் சுற்று சுற்றி அங்கேயே நின்றுவிட்டது. ஆள் என்னவோ ஒல்லி. மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயரே 'கம்பி'. மறுநாள் செய்தி வந்தது: அவரிடம் படித்த ஒருவன் கட்டிய தியேட்டரில் பால்கனி உத்தரம் கூட்டம் தாங்காமல் பிளந்திருந்தது, ஆனாலும் விழவில்லை. ஏன் விழவில்லை என்று யாருக்கும் புரியவில்லை. பேராசிரியருக்குப் புரிந்தது. "எடை எங்கேயும் காணாமல் போகாது, உத்தரம் தாங்காவிட்டால் வேறு யாராவது தாங்கித்தான் ஆக வேண்டும்" என்று அத்தனை வருடம் கரும்பலகை முன்னால் சொல்லி வந்தவர் அவர். அந்த வேறு யாராவது தான்தான் என்று தெரிந்ததும், தன் வகுப்பை மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு மாற்றித் தரக் கேட்டார். கல்லூரியும் மாற்றிக் கொடுத்தது.

வீட்டில் பாடுபட்டது அவர் மனைவிதான். கட்டிலுக்கு அடியில் செங்கல் அடுக்கினாள். அவர் நடந்த இடமெல்லாம் தரை ஓடுகள் விரிசல் விட்டன. போகப் போக அவளே எடையைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். விடுமுறை மாலையில் கனத்தால் தியேட்டர். மழையில் கனத்தால் தண்ணீர் தேங்கும் மொட்டைமாடி. சரக்கு வண்டிகள் வரும் பருவத்தில் கனத்தால் கிடங்கு. அவளே பழைய மாணவர்களுக்குப் போன் போட்டாள். பெரிய காரில் வந்த ஒருவன், "சார், என் கட்டடத்துல ஒரு குறையும் கிடையாது" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அப்படியாப்பா? சாரைத் தூக்கிக் கட்டில்ல படுக்க வை, பார்க்கலாம்" என்றாள் அவள்.

தூக்கப் பார்த்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனவன், அடுத்த வாரமே தன் கிடங்குத் தூண்களைச் சுற்றிக் கம்பி கட்டி, கான்கிரீட் போட்டுப் பருமனாக்கினான். இப்படி ஒவ்வொருவராகக் குறையைச் சரி செய்யச் செய்ய, அவரும் கொஞ்சம் கொஞ்சமாக லேசானார். அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளிநாட்டில் பேசப்பட்டதும், துறைத்தலைவர் ஆனதும், ஓய்வு பெற்றதும் இதற்கு நடுவில்தான். ஓய்வு பெற்ற மாதம் அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அது உடையவில்லை. மனைவி சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள்.

பள்ளிகள் திறந்த அன்று அந்த நாற்காலி உடைந்தது.

இந்த எடை காலையில் வந்தது, சாயங்காலம் போனது. இடைவேளையில் கொஞ்சம் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லவே இல்லை. பள்ளிக்கூடம்தான், சந்தேகமே இல்லை. எந்தப் பள்ளிக்கூடம் என்பதுதான் தெரியவில்லை. அவரிடம் படித்த அத்தனை பேரையும் விசாரித்தாயிற்று. பள்ளி கட்டியவர்கள் சுத்தியலோடு போய்த் தூண் தூணாகத் தட்டிப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். டாக்டர் அவர் மார்பில் குழாயை வைத்துக் கேட்டார். உள்ளே பாரம் ஏறிய உத்தரம் போல முனகியது. "இதயம் ரொம்ப நாள் தாங்காதும்மா" என்றார்.

அதன் பிறகு அவர் இருமினால் மனைவி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தாள். வகுப்பு நடக்கிற நேரமா?

"பயப்படாதே, செத்தா ஞாயித்துக்கிழமைதான் சாவேன்" என்றார் அவர்.

"அதுல என்ன பெருமை? திங்கக்கிழமை மணி அடிப்பாங்களே, அப்ப யார் தாங்குறது!"

அன்றிரவு இருவருமே தூங்கவில்லை.

ஒரே மகள் தூரத்து ஊரில் கட்டடப் பொறியாளராக இருந்தாள். அதே கல்லூரியில் படித்தவள்தான். பெற்ற பிள்ளைக்கு அப்பாவே மதிப்பெண் போடக்கூடாது என்பது துறையின் வழக்கம், அதனால் அவர் வகுப்பில் அவள் உட்கார்ந்ததில்லை. அவள் வேலைக்குப் போன பிறகு வந்த வினை இது. அவளை எதற்குப் பயமுறுத்துவது என்று அப்பாவுக்கு முதுகுவலி என்றே சொல்லி வைத்திருந்தார்கள். டாக்டர் சொன்னதைக் கேட்டு அம்மா போனில் உடைந்து போக, மகள் பெட்டியைக் கூடத் திறக்காமல் கூடத்தில் வந்து நின்றபோது காலை மணி ஒன்பது அடித்தது.

அவர் காலடியில் தரை பிளந்தது. முழங்கால் மடங்கி, சுவரைப் பிடித்தார். சுவரிலும் விரல் பதிந்தது. மூச்சு வாங்க, "மாடி... மாடியில எல்லாரும் ஏறிட்டாங்க" என்றார்.

"எப்ப இருந்தும்மா இது?" என்றாள் மகள்.

"ஸ்கூல் திறந்ததுல இருந்துடி. அவர்கிட்ட படிச்சவங்க கட்டினது தாங்கலன்னா அந்த எடை அவர் மேல இறங்குது, இது யார் கட்டினதுன்னே தெரியல."

மகள் போனை எடுத்தாள். "ஹெட்மாஸ்டர் சாரா? பிள்ளைங்க எல்லாரையும் இப்பவே மைதானத்துக்கு இறக்குங்க. ஓட வேண்டாம், வரிசையா. காரணம் அப்புறம் சொல்றேன், முதல்ல இறக்குங்க!"

மூவரும் காத்திருந்தார்கள். தரையின் விரிசல் வாசற்படி வரை போய் நின்றது. பிறகு அவர் முதுகு, வகுப்பு வகுப்பாக, மெல்ல நிமிர்ந்தது. மனைவி உள்ளே போய்ப் புதிய பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள். அவர் உட்கார்ந்தார். அது தாங்கியது.

மகள் அவர் காலடியில், பிளந்த ஓட்டின் மேலேயே உட்கார்ந்தாள்.

"அந்த ஸ்கூல் மாடி நான் போட்ட கணக்குப்பா. தடுப்புச் சுவரோட எடைய அப்புறம் சேத்துக்கலாம்னு டைனிங் டேபிள்ல சொல்லிக் குடுத்தீங்கப்பா, அதுக்குள்ள அம்மா சாப்பிடக் கூப்பிட்டுட்டாங்க."