நாற்காலியின் முதுகில் எங்கள் பெயர்

1

அன்று அங்கே இருந்தவர்கள்: நாற்காலி வாடகைக் கடைப் பெரியவர், அவருடைய மருமகள், கடையின் வண்டி ஓட்டுநர், அகதிகள் பதிவு அலுவலகத்துக் காவலாளி, கைக்குழந்தையோடு ஒரு தையல்காரி, அவளுக்குப் பின்னால் தெருமுனைவரை ஒரு வரிசை. வேறு யாராவது "நானும் பார்த்தேன்" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

கதை எழுதும் உத்தேசமே எனக்கு இருந்ததில்லை. மருமகள் சேர்ந்திருக்கும் அகதிகள் உதவி இயக்கம் அச்சடித்த துண்டறிக்கையில், பெரியவர் "மனம் மாறினார்" என்று போட்டிருந்தது. எங்கள் குடும்பத்தில் யாரும் மனம் மாறியதில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

(பெரியவர் யார் என்று கேட்காதீர்கள். கதைக்குள் புகுந்து "நான், நான்" என்று பேசிக்கொள்வதும் எங்கள் குடும்பத்தில் இல்லை.)

2

முதல் தொடக்கம்: "விடியலின் மெல்லிய ஒளியில், ஏக்கம் நிறைந்த கண்களோடு அந்த வரிசை..."

அடித்துவிட்டேன். கண்களை யார் பார்த்தது? கண்ணில் பட்டவை கால்கள்தான். நின்று நின்று வீங்கிய கால்கள். அந்த அலுவலகத்துக்கு வந்தவர்கள் தெருவில் நின்றே ஆகவேண்டும். வரிசையைவிட்டு விலகினால் முறை போய்விடும். அடுத்த முறைக்கு மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும். அவர்கள் உட்கார இடம் கொடுங்கள் என்று மருமகளின் இயக்கம் மனுமேல் மனுவாகப் போட்டது. பதில் இல்லை. அவள் மாமனாரைக் கேட்காமல் கடை நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், வரிசை நெடுகப் போட்டுவிட்டாள். ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பெயின்டில் குடும்பப் பெயர்!

செய்தி கேட்டதும் பெரியவர் சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல்

இல்லை. போட்டுக்கொண்டுதான் போனார். எல்லாப் பொத்தான்களையும்.

3

"யாரைக் கேட்டும்மா எடுத்தே?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா மாமா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

வண்டி ஓட்டுநர் சிரித்துவிட்டு, இருமுவதுபோல் காட்டிக்கொண்டார்.

காவலாளி ஓடிவந்தான். "ஐயா, நல்ல வேளை வந்தீங்க. நாற்காலியை எடுக்கலன்னா பதிவு ஜன்னலைச் சாத்திடுவேன்னு உள்ள அதிகாரி சொல்றார். சாத்தினா எல்லாருக்கும் இன்னைக்கு முறை போச்சு."

"எடுக்கத்தான்யா வந்திருக்கேன். குடும்பப் பேரு நடுத்தெருவுல நிக்குது."

"எங்க நிக்குது மாமா? சௌகரியமா உக்காந்துல்ல இருக்கு!" என்றாள் மருமகள்.

முதல் நாற்காலியில் இருந்த தையல்காரி குழந்தையை அணைத்தபடி எழுந்தாள். "எடுத்துக்குங்கய்யா. நாங்க நின்னுக்குறோம். இன்னைக்கு நான் உள்ள போய்ச் சாட்சி சொன்னாத்தான் இவ அப்பாவைத் தடுப்பு முகாம்லேருந்து விடுவாங்க. எங்களால ஜன்னலைச் சாத்திடக் கூடாது."

(இந்த இடத்தை எழுதும்போது நானே எழுந்து நின்றுவிட்டேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

கல்யாண வீடு, சாவு வீடு என்று ஆயுள் முழுக்க நாற்காலி போட்டவர் பெரியவர். எதிரே ஒருவர் எழுந்தால் அவர் வாய்க்குத் தெரிந்தது ஒரே சொல்தான்.

"உட்காருங்க," என்றார்.

சொல்லியேவிட்டார்! ஓட்டுநர் தலையில் கைவைத்தார். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கள் வீட்டு முறை இருவருக்கும் தெரியும்: உட்காரச் சொல்லிவிட்டால் அவர் விருந்தாளி, தானாக எழும்வரை அவரை எழுப்பக்கூடாது. பெரியவரின் அப்பா, பெண் கொடுப்பதில்லை என்று முடிவுசெய்திருந்த வீட்டாரை வாய்தவறி உட்காரச் சொல்லி, கடைசியில் அவர்களுக்கே சம்பந்தியாகிப்போனார்.

தையல்காரி தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள்.

"என்னய்யா, எடுக்க வந்துட்டு உட்காரச் சொல்றீங்க?" என்றான் காவலாளி.

"இவங்க என் வீட்டு விருந்தாளி. பின்னால இருக்கறவங்களும்தான். எழுப்பணும்னா உங்க அதிகாரி வெளிய வந்து, ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்து எழுப்பட்டும். போய்ச் சொல்லு, போ!"

காவலாளி போனான்.

4

முடிவு ஒன்று: ஜன்னல் திறந்தது. இயக்கத்துக்காரர்களுக்கு இதுதான் பிடிக்கும்.

முடிவு இரண்டு: ஜன்னல் சாத்தப்பட்டது. இதை எழுதிவிட்டு, குழந்தையின் முகம் நினைவுக்கு வந்து கிழித்துப்போட்டேன்.

முடிவு மூன்று: "அதிகாரி ஜன்னல் கதவில் கைவைத்து"

இதற்குமேல் எழுதமாட்டேன். கதவில் இருப்பது உங்கள் கை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே குழந்தை சிணுங்குகிறது. சீக்கிரம் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் உங்கள் இஷ்டத்துக்கு விடமுடியாது. பெரியவரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் போராட்டத்தில் உட்கார்ந்துவிட்டார் என்று ஒரு பேச்சு உலவுகிறது. சுத்தப் பொய். விருந்தாளிகள் உட்கார்ந்திருந்த நேரம் முழுவதும் அவர் நின்றுகொண்டிருந்தார்.