மூன்றாவது சக்கரம் கோட்டைத் தொடும் வரை

1

மார்ச் மாதத்தின் ஒரு சனிக்கிழமை மாலை, ஒரு துறைமுக நகரத்தின் உள்ளரங்க சைக்கிள் பாதையில் எடுத்த புகைப்படத்தில் மூன்று பெண்கள் இருக்கிறார்கள். அணியில் நான்கு பேர்.

அந்தக் கணக்கு இடித்ததில்தான் எனக்கு இந்தக் கதை கிடைத்தது. மூவரும் தலையைக் கவிழ்த்து, ஒருவர் சக்கரத்தை ஒருவர் முட்டிவிடுவதுபோலக் கோட்டைக் கடக்கிறார்கள். ஜெயித்தவர்களா தோற்றவர்களா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. நான்காமவள் விழுந்துவிட்டாள் போலும் என்று நினைத்தேன். விசாரித்துக்கொண்டு போனதில், அவள் விழவில்லை என்று தெரிந்தது.

முதலில் நான் எழுதிய தொடக்கம்: “தேசத்தின் கனவைக் கண்களில் ஏந்தி, புயலெனச் சீறிய அந்த வீராங்கனை…”

[இதற்கு மேல் பேனா நகரவில்லை. அவள் கண்ணில் அப்போது வியர்வை மட்டும்தான் இருந்ததாம். அதுவும் எரிந்ததாம்.]

2

அணியில் அவளுக்கு லாரி என்று பெயர். நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்தவர்களுக்கு அந்தப் பெயரின் அருமை புரியும். காற்று முகத்தில் அறையாது, கால் லேசாகிவிடும். அவளுடைய தோள் அத்தனை அகலம். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. “மூச்ச இழுங்க, புடிங்க, அசையாதீங்க, விடுங்க” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு, மதியத்துக்கு மேல் பயிற்சிக்கு வருவாள்.

போட்டியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். கிண்ணம்போலச் சாய்ந்த மரப்பாதை. எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து இரண்டு அணிகள் கிளம்பும். நால்வரும் ஒருவர் பின் ஒருவராகப் போவார்கள். முன்னால் இருப்பவர் காற்றை வாங்கிக்கொள்வார். தன் முறை முடிந்ததும் சாய்வில் மேலே ஏறி, மற்றவர்கள் கீழே கடந்ததும் இறங்கி வாலில் சேர்ந்துகொள்வார்.*

கடிகாரம் மூன்றாவது ஆளின் சக்கரம் கோட்டைத் தொடும்போதுதான் நிற்கும். முதல் ஆள் எவ்வளவு சீக்கிரம் வந்தாலும் பிரயோஜனம் இல்லை. நான்காவது ஆள் வராவிட்டாலும் நஷ்டம் இல்லை. அதனால் ஒவ்வொரு அணியும் ஒருவரை முழுசாகச் செலவழித்துவிடும். அவர் தெம்பு தீரும்வரை முன்னால் இழுப்பார். பிறகு மேலே ஒதுங்கிவிடுவார்.

* இந்த சைக்கிளில் பிரேக் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை காலும் சுற்றியாக வேண்டும். நினைத்த இடத்தில் மிதிப்பதை நிறுத்த முடியாது. இதைக் குறியீடாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சைக்கிளை அப்படித்தான் செய்கிறார்கள்.

3

எல்லா விளையாட்டுகளும் கூடும் அந்தப் பெரிய சர்வதேசப் போட்டிக்கு, இந்த நாட்டிலிருந்து பெண்கள் சைக்கிள் அணி எதுவும் இதுவரை போனதில்லை. இப்போது மிச்சம் இருந்தது ஒரே ஓர் இடம். காலைச் சுற்றிலேயே அது கைக்கு எட்டியிருக்கும். கெடுத்தது லாரி.

காலையில் செலவாக வேண்டியவள் டீச்சர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வகுப்பு எடுப்பவள், திட்டப்படி ஒதுங்கினாள். மிச்சம் லாரி, எல்லோருக்கும் சின்னவளான பொடிசு, இன்னொருத்தி என மூவர். லாரி முன்னால் வந்தாள். காலில் தெம்பு இருந்தது, அழுத்தினாள். அவளுக்குப் பின்னால் ஒரு கை அகலம் இடைவெளி விழுந்தது, பிறகு ஓர் ஆள் அகலம். இடைவெளி விழுந்ததும் காற்று உள்ளே புகுந்துவிடும். மூன்றாவதாக வந்த பொடிசு தனியாகக் காற்றோடு மல்லுக்கட்டி வந்து சேரும்வரை கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

உடை மாற்றும் அறையில் நடந்த பேச்சை டீச்சர் எனக்கு நடித்தே காட்டினாள்.

“அக்கா, உனக்கு லாரின்னு பேரு வெச்சது தப்பு. ஏரோப்ளேன்னு வெச்சிருக்கணும். நான் எங்க இருந்தேன்னு தெரியுமா உனக்கு?” என்றாளாம் பொடிசு.

“நல்லா இழுக்குறேன்னு நெனச்சேன்டி.”

“நல்லாத்தான் இழுத்த. எங்கள விட்டுட்டு இழுத்த.”

“போதும், ரெண்டு பேரும் வாய மூடுங்க” என்றாராம் கோச்சம்மா. “சுவத்துல கால தூக்கி வெச்சு படுங்க. சாயங்காலம் இன்னொரு தடவ இருக்கு.”

பலம் இல்லாதவர்களால் இந்தத் தவறைச் செய்யவே முடியாது. இதை நான் குற்றச்சாட்டாக எழுதவில்லை.

4

மாலையில் யார் செலவாவது?

இங்கே கதை இரண்டாகப் பிரிகிறது. “நான்தான் அவளப் போடச் சொன்னேன்” என்கிறார் கோச்சம்மா. “இல்லல்ல, அவளேதான் கேட்டா. நான் பக்கத்துலதான் படுத்திருந்தேன்” என்கிறாள் டீச்சர். லாரியைக் கேட்டால், “யார் சொன்னா என்ன சார்? மிதிச்சது நான்தான?” என்கிறாள். இரண்டில் எது கதைக்கு அழகு என்று யோசித்துப் பார்த்து, எதையும் தேர்ந்தெடுக்காமல் விடுகிறேன்.

ஒன்று மட்டும் உறுதி. மதியம் அவளுடைய கணவர் ரயிலை விட்டு இறங்கியதும் போன் செய்தார். பேக்கரிக்காரர். அடுப்பைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார்.

“எந்தப் பக்கம் உக்காரட்டும்? நீ கோட்டத் தாண்டுறத வீடியோ எடுக்கணும். அம்மா கேட்டுட்டே இருக்காங்க.”

“கோட்டுக்கு நேரா உக்காரு” என்றாள்.

தான் கோட்டுக்கு வரப்போவதில்லை என்று அவரிடம் சொல்லவில்லை.

5

வேகமாகப் போவது அவளுக்குக் கஷ்டமே இல்லை. வேகத்தைக் கூட்டாமல் இருப்பதுதான் கஷ்டம். அன்று மாலை அவள் முன்னால் வந்து, அங்கேயே இருந்தாள். வழக்கமாக ஒருவர் இழுக்கிற தூரத்தைப்போலப் பல மடங்கு தூரம், ஒரே வேகத்தில், நூல் பிடித்ததுபோல. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பின்னால் டீச்சர், டீச்சருக்குப் பின்னால் பொடிசு; யாருடைய சக்கரமும் முன்னால் போனவளிடமிருந்து ஒரு கை அகலத்துக்கு மேல் விலகவே இல்லை.

[எக்ஸ்ரே அறையில் சொல்வதை அப்போது மனதுக்குள் சொல்லிக்கொண்டாள் என்று எழுத எனக்குக் கொள்ளை ஆசை. கேட்டும் பார்த்தேன். “போங்க சார். அந்த நேரத்துல என் பேரே எனக்கு ஞாபகம் இல்ல” என்றாள். விட்டுவிட்டேன்.]

கடைசிச் சில சுற்றுகள் மிச்சம் இருந்தபோது கால் கல்லானது. “போங்கடி!” என்று கத்திவிட்டுச் சாய்வில் மேலே ஏறினாள். மூவரும் கீழே கடந்தார்கள். அவள் இறங்கவில்லை.

“அந்த ‘போங்கடி’ய நீங்க கேட்டிருக்கணும்” என்றாள் பொடிசு. “காலைல அப்படித் திட்டினேன்ல. அதக் கேட்டதும், செத்தாலும் பரவால்ல, டீச்சரக்கா சக்கரத்த விடக்கூடாதுன்னு ஆயிடுச்சு.”

6

முடிவுகள் மூன்று எழுதினேன். ஒன்றில் அவள் அழுகிறாள். அடித்துவிட்டேன், அவள் அழுகிற ரகம் இல்லை. இன்னொன்றில் மூவரும் அவளைத் தூக்கிச் சுற்றுகிறார்கள். அந்த நிலைமையில் அவர்களால் தண்ணீர்ப் புட்டியைக்கூடத் தூக்க முடியாது. மூன்றாவதில் கணவர் வீடியோவில் அவளைத் தேடு—

[தேடியது உண்மை. ஆனால் அது அவருடைய கதை.]

எனக்கு வேண்டியது வேறு. மூன்றாவது சக்கரம் கோட்டைத் தொட்டபோது லாரி பாதையின் மறுகோடியில், மேல் விளிம்பில் இருந்தாள். நேரம் காட்டும் பலகை அவள் முதுகுக்குப் பின்னால். அரங்கம் கத்தியது, எதிரணிக்கும் இதே கூட்டம்தான் கத்தும். நிற்க பிரேக் இல்லை. அரைச் சுற்று மிதித்து வந்தால்தான் பலகை கண்ணில் படும். தன்னைக் கொடுத்தது பலித்ததா, காலையில் செய்தது இனி காலத்துக்கும் கூட வருமா என்று தெரியாத அரைச் சுற்று.

அதைப் பற்றிக் கேட்டபோது அவள் சிரித்தாள். “அது எனக்கே இருக்கட்டும் சார்.”

ஆகவே நான் எழுதப்போவதில்லை. இடம் விட்டிருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்த ஓர் அரைச் சுற்றை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

[                                        ]

அணி தகுதி பெற்றது. நான்காமவருக்கு நேரம் பதிவாகவில்லை.